அனிச்சைச் செயலில் மூளைக்குப் பங்கே இல்லை என்றால், ஊசி குத்தும்போது கையை அசையாமல் வைத்திருப்பது எது?

உயிரியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் நரம்பு மண்டலப் பாடத்தில் அனிச்சைச் செயலை விளக்கிக்கொண்டிருந்தேன். சூடான பொருளில் விரல் பட்டதும் தோலில் உள்ள உணர்வேற்பி தூண்டப்படுகிறது; உணர்ச்சி நரம்பு அச்செய்தியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுசெல்கிறது; அங்கே ஓர் இடைநரம்பு செல் அதை வாங்கி இயக்க நரம்புக்குக் கொடுக்கிறது; தசை சுருங்கிக் கை விலகுகிறது. இவ்வளவையும் கரும்பலகையில் படமாக வரைந்து, "மூளை இதை அறிவதற்கு முன்பே கை விலகிவிடும், இதில் மூளைக்கு வேலை இல்லை" என்று வழக்கம்போல் முடித்தேன். பல ஆண்டுகளாக இதே வாக்கியத்தைத்தான் சொல்லிவருகிறேன்.

இம்முறை ஒரு மாணவி எழுந்து, "இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தும்போது எனக்கு வலிக்கிறது, ஆனாலும் கையை இழுத்துக்கொள்வதில்லை. தையல் ஊசி தெரியாமல் குத்திவிட்டால் உடனே இழுத்துக்கொள்கிறேன். இரண்டு முறையும் குத்துவது ஊசிதான், குத்துப்படுவது என் தோல்தான், செய்தி போவதும் அதே தண்டுவடத்துக்குத்தான். மூளைக்கு வேலை இல்லை என்றால் இரண்டும் ஏன் வேறுபடுகின்றன?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. "நாளை சொல்கிறேன்" என்று கூறிவிட்டு, வீட்டில் இருந்த நூல்கள் அனைத்தையும் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலானவை நான் சொன்ன அதே வாக்கியத்தையே சொல்கின்றன.

அவள் கேட்டது சரியான கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது. பாடநூல் வாக்கியம் பிழையா, அல்லது அரைகுறையா? மேலும், கண்ணில் தூசி படும்போது இமை மூடுவதையும் அனிச்சைச் செயல் என்றே கற்பிக்கிறோம். கண்ணிலிருந்து செய்தி கழுத்துக்குக் கீழே உள்ள தண்டுவடத்துக்கு இறங்கி மீண்டும் மேலே ஏறுகிறதா? இவற்றைத் தெளிவாக அறிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். எளிமைப்படுத்த வேண்டியதில்லை, எளிமைப்படுத்துவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.


உடலியங்கியல் பேராசிரியர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவியிடம் என் பாராட்டைத் தெரிவியுங்கள். மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு நான் இப்பாடத்தை எடுக்கும்போது, இக்கேள்வி அவர்களிடமிருந்து வர வேண்டும் என்று காத்திருப்பேன், பெரும்பாலும் வராது.

பாடநூல் வாக்கியம் அரைகுறையானது. அனிச்சைச் செயல் நடப்பதற்கு மூளை தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அது நடக்கும்போது மூளை விலகி நிற்கிறது என்பது உண்மையன்று. இந்த இரண்டு கூற்றுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் உங்கள் மாணவியின் விடை இருக்கிறது.

முதலில் எல்லாவற்றிலும் எளிமையான அனிச்சைச் செயலை எடுத்துக்கொள்வோம். முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள தசைநாணை ரப்பர் சுத்தியால் தட்டினால், அந்த நாண் ஒரு கணம் இழுபட்டு, தொடையின் முன்புறத் தசையைச் சிறிதளவு நீட்டுகிறது. அத்தசைக்குள் கதிர்கோல் வடிவில் நுண்ணிய உணர்வேற்பிகள் இருக்கின்றன. தசை நீள்வதை அறிவதே அவற்றின் பணி. அவற்றிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் நம் உடலிலேயே மிக விரைவாகச் செய்தி கடத்துபவை. விநாடிக்கு ஏறத்தாழ 70 முதல் 120 மீட்டர் வரை அவற்றின் வேகம். அந்த இழை தண்டுவடத்துக்குள் நுழைந்ததும், இடையில் வேறொரு செல்லின் துணையின்றி, அதே தொடைத் தசையை இயக்கும் நரம்பு செல்லையே நேரடியாகத் தொடுகிறது. நீங்கள் கரும்பலகையில் வரைந்த படத்தில் இருக்கும் இடைநரம்பு செல் இங்கே கிடையாது. வழியில் ஒரே ஒரு சினாப்ஸ்தான், அதாவது ஒரு நரம்பு செல் மற்றொன்றுக்குச் செய்தியைக் கடத்தும் சந்திப்பு. தட்டிய 20 மில்லி விநாடி அளவில் தொடைத் தசையில் மின்னசைவு தோன்றிவிடுகிறது. கால் எழும்புவதை நாம் கண்ணால் காண்பது அதற்குப் பிறகு, தசை சுருங்கி எலும்பை இழுக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் கழிந்த பின்னர்தான்.

இதில் இன்னொரு பாதியும் உண்டு, அதைப் பள்ளியில் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். முன்தொடைத் தசை சுருங்கும் அதே வேளையில் பின்தொடைத் தசை தளர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, கால் விறைத்து நிற்கும். அதற்காக அதே உணர்ச்சி நரம்பிழையின் மற்றொரு கிளை ஓர் இடைநரம்பு செல்லைத் தூண்டுகிறது. அந்தச் செல் பின்தொடைத் தசைக்கான இயக்க நரம்பை அடக்குகிறது. இந்த அடக்குதல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை அது இல்லாமற்போகும் நோயில்தான் முழுமையாக அறிகிறோம். இரண ஜன்னி எனப்படும் டெட்டனஸில், கிருமியின் நச்சு, அடக்கும் நரம்பு செல்கள் தம் வேதிப்பொருளை வெளியிடாதபடி தடுத்துவிடுகிறது. சிறு ஓசையோ தொடுதலோ போதும், எதிரெதிர்த் தசைகள் ஒருசேர இறுகி உடல் முழுவதும் வில்லாக வளைந்துவிடும். தூண்டுவதைக் காட்டிலும் அடக்குவதில்தான் நரம்பு மண்டலத்தின் நேர்த்தி இருக்கிறது என்று நான் கருதுவதற்கு இந்நோயைப் பார்த்ததே காரணம்.

இனி, விரலில் ஊசி குத்தும்போது நிகழ்வதற்கு வருவோம். இது முழங்கால் அனிச்சையைப் போன்றதன்று. வலியை உணரும் மெல்லிய நரம்பிழைகளில், விரைவானவை விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரையும், மந்தமானவை விநாடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரையும்தான் செய்தியைக் கடத்துகின்றன. காலை எதிலாவது இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்று ஒரு வலியும், ஒரு விநாடிக்குப் பிறகு ஆழ்ந்த எரிச்சலாக இன்னொரு வலியும் தோன்றுவது இதனால்தான். பாதத்திலிருந்து தண்டுவடம் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவை இரண்டு வகை இழைகளும் வெவ்வேறு நேரத்தில் கடக்கின்றன. இச்செய்தி தண்டுவடத்துக்குள் வந்ததும் நேரடியாக இயக்க நரம்பைத் தொடுவதில்லை. பல இடைநரம்பு செல்களின் வழியாகச் சுற்றிச் செல்கிறது. அதனால்தான் விரலில் பட்ட ஊசிக்குக் கை முழுவதும் மடங்குகிறது. காலில் முள் குத்தினால் அந்தக் கால் மடங்குவதோடு மற்றொரு கால் விறைத்து உடலின் எடையைத் தாங்கிக்கொள்கிறது. இத்தனை தசைகளையும் இசைவாக இயக்கும் ஏற்பாடு முழுவதும் தண்டுவடத்துக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

அந்த இடைநரம்பு செல்கள்தான் நாம் தேடும் இடம். வலியிழை மட்டுமே அவற்றை வந்து சேர்வதில்லை. பெருமூளையின் மேலடுக்கான புறணியிலிருந்தும், மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டிலிருந்தும் இறங்கிவரும் நரம்பிழைகள் ஆயிரக்கணக்கில் அதே செல்களின் மீது முடிகின்றன. சில தூண்டுகின்றன, சில அடக்குகின்றன. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் சில இழைகள் செரோடோனின், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்களை வெளியிட்டு, வலிச்செய்தி தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்திலேயே அதன் வலிமையைக் குறைக்கவோ கூட்டவோ செய்கின்றன. ஓர் இடைநரம்பு செல் இவை அனைத்தின் கூட்டுத்தொகையைப் பொறுத்தே அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்புகிறது. இரத்தம் எடுக்கும்போது, ஊசி வருவதை அறிந்திருக்கும் மூளை, ஊசி தோலைத் தொடுவதற்கு முன்பே இந்தச் செல்களை அடக்கி வைத்துவிடுகிறது. எனவே அதே அளவு வலிச்செய்தி வந்தும் அது கடந்து செல்வதில்லை. தெரியாமல் குத்தும் ஊசிக்கு அந்த முன்னேற்பாடு இல்லை, கை விலகிவிடுகிறது.

கவனிக்க வேண்டியது காலம்தான். ஊசி குத்திய பிறகு மூளை முடிவெடுத்துக் கையை நிறுத்துவதாக இருந்தால், அதற்குள் கை விலகியிருக்கும். உங்கள் பழைய வாக்கியம் அந்த அளவுக்குச் சரி. மூளை தன் பங்கைச் செய்வது நிகழ்வுக்கு முன்னால். மாணவியிடம் இவ்வாறு சொல்லலாம் என்று நினைக்கிறேன்: அனிச்சைச் செயலை நடத்துவது தண்டுவடம், அது எவ்வளவு எளிதாகத் தூண்டப்பட வேண்டும் என்பதை முன்கூட்டியே அமைத்து வைப்பது மூளை.


இயன்முறை மருத்துவர்:

பேராசிரியர் விளக்கியதை நான் நாள்தோறும் வேறொரு கோணத்தில் காண்கிறேன். தண்டுவடம் காயமுற்றவர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் தொழில். மூளையிலிருந்து இறங்கும் இழைகள் அறுபட்டுப்போனால் அனிச்சைச் செயல்கள் என்னவாகும் என்று கேட்டால், "மூளை தேவையில்லை அல்லவா, அப்படியே இருக்கும்" என்றுதான் பாடநூலை மட்டும் படித்தவர் விடையளிப்பார். நடப்பது அப்படியன்று.

விபத்து நடந்த உடனே, காயத்துக்குக் கீழே உள்ள அனிச்சைச் செயல்கள் யாவும் மறைந்துபோகின்றன. முழங்காலைத் தட்டினால் அசைவில்லை. பாதத்தில் குத்தினால் கால் விலகுவதில்லை. தசைகள் துவண்டு கிடக்கின்றன. தண்டுவட அதிர்ச்சி என்று இதைச் சொல்கிறோம். கீழே உள்ள தண்டுவடம் அறுபடாமல், அதன் செல்கள் உயிரோடு இருந்தும், மேலிருந்து இடையறாது வந்துகொண்டிருந்த தூண்டல் திடீரென்று நின்றுபோனதால் அவை வாளாவிருக்கின்றன. சில நாள்களோ சில வாரங்களோ கழிந்த பின்னர் அனிச்சைச் செயல்கள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. திரும்புவதோடு நில்லாமல், முன்பிருந்ததைவிட மிகுதியாகின்றன. இப்போது மேலிருந்து அடக்குபவர் இல்லை. போர்வை பாதத்தில் உரசினாலே கால் முழுவதும் மடங்கி இழுத்துக்கொள்கிறது. கணுக்காலைச் சட்டென்று மேல்நோக்கி வளைத்துப் பிடித்தால் பாதம் தொடர்ந்து துடித்துக்கொண்டே இருக்கிறது.

இக்கட்டத்தைப் பற்றி ஒன்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் பற்றிய அறியாமை குடும்பங்களைப் பெரிதும் வருத்துகிறது. வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த மகனின் கால் ஒருநாள் தொட்டவுடன் மடங்கும்போது, அருகில் இருக்கும் தாய் அதை மகன் குணமடைவதன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். அந்த மகிழ்ச்சியை எதிர்கொண்டு உண்மையைச் சொல்வது எங்கள் பணியிலேயே கடினமானது. கால் தானாக மடங்குவது, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி உயிரோடு இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. மூளையோடு தொடர்பு மீண்டுவிட்டது என்பதைக் காட்டுவதில்லை. நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, சொன்ன நேரத்தில், சொன்ன விரலைத் தன் விருப்பப்படி அசைக்கிறாரா, தொடுவதை உணர்கிறாரா என்பவற்றையே நாங்கள் பார்க்கிறோம். இதை முதல் வாரத்திலேயே குடும்பத்தாரிடம் பொறுமையாக விளக்கிவிட்டால், பின்னர் ஏற்படும் ஏமாற்றம் பெருமளவு குறைகிறது.

இந்த மிகையான அனிச்சைகள் வெறும் தொல்லையும் அல்ல. கால் தசைகளில் எஞ்சியிருக்கும் விறைப்பைப் பயன்படுத்திச் சிலர் நிற்கப் பழகுகிறார்கள். சிறுநீர்ப்பை நிரம்பியதும் தானாகச் சுருங்கும் அனிச்சை சிலருக்குத் திரும்புகிறது. ஆனால் மார்புப் பகுதியின் 6ஆம் தண்டுவடக் கூற்றிலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு, நிரம்பிய சிறுநீர்ப்பையோ மலச்சிக்கலோ இரத்த அழுத்தத்தைத் திடீரென்று அபாய அளவுக்கு உயர்த்திவிடக்கூடும். இதுவும் மூளையின் கட்டுப்பாட்டை இழந்த ஓர் அனிச்சைச் செயலே. கடும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்த்தல் ஆகியவை தோன்றினால் நோயாளியை உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பார்த்து, தாமதமின்றி மருத்துவ உதவியை நாட வேண்டும். கேள்விக்கு இது சற்றுப் புறம்பானதாக இருந்தாலும், தேடி வந்து படிப்பவர் ஒருவருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இன்னொரு சான்றும் உங்கள் வகுப்புக்கு உதவலாம். பாதத்தின் வெளியோரத்தைக் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கிக் கீறினால், வளர்ந்தவர்களுக்குப் பெருவிரல் கீழ்நோக்கி மடங்கும். மூளையிலிருந்து இறங்கும் பாதை பழுதுபட்டிருந்தால் பெருவிரல் மேல்நோக்கி எழும். பிரெஞ்சு மருத்துவர் பாபின்ஸ்கி 1896இல் இதை விவரித்தார். பிறந்த குழந்தைகளுக்கோ பெருவிரல் மேல்நோக்கி எழுவதுதான் இயல்பு. அவர்களிடம் அந்தப் பாதை இன்னும் முதிரவில்லை. குழந்தை நடக்கத் தொடங்கும் பருவத்தில், பொதுவாக 2 வயதுக்குள், இது மாறிவிடுகிறது. அதே பாதம், அதே கீறல். மூளையின் பாதை வந்து சேர்ந்ததும் விடை தலைகீழாகிவிடுகிறது.


அறிவியல் வரலாற்று ஆர்வலர்:

இமை மூடுவதைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடையளிக்கவில்லை என்பதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். செய்தி கழுத்துக்குக் கீழே இறங்குவதில்லை. தலையிலும் முகத்திலும் உள்ள அனிச்சைகளுக்கு மூளைத்தண்டே தண்டுவடத்தின் இடத்தில் இருக்கிறது. கருவிழியைத் தூசி தொட்டால், ஐந்தாம் கபால நரம்பு (மூளையோடு நேரடியாக இணைந்த நரம்புகளில் ஒன்று) அச்செய்தியை மூளைத்தண்டுக்குக் கொண்டுவருகிறது. ஏழாம் கபால நரம்பு இமையை மூடும் தசைக்கு ஆணையைக் கொண்டுசெல்கிறது. ஒரு கண்ணைத் தொட்டாலும் இரண்டு இமைகளும் மூடும். ஒரு கண்ணில் ஒளி பாய்ச்சினால் இரண்டு கண்மணிகளும் சுருங்குவதும் இவ்வாறே. அங்கே உள்ளே வருவது இரண்டாம் நரம்பு, வெளியே செல்வது மூன்றாம் நரம்பு. ஆகவே "மூளைக்கு வேலை இல்லை" என்ற வாக்கியம் இந்த அனிச்சைகளுக்குச் சொல்லளவிலேயே பொருந்தாது, ஏனென்றால் மூளைத்தண்டும் மூளையின் பகுதிதான்.

அனிச்சை என்றாலே மின்னல் வேகம் என்று எண்ணுவதும் சரியன்று. கண்மணி சுருங்கத் தொடங்கவே ஏறத்தாழ 200 மில்லி விநாடி ஆகிறது, ஏனெனில் அதைச் சுருக்குவது மெதுவாக இயங்கும் மென்தசை.

தண்டுவடத்தின் தனித்திறனை முதலில் காட்டியது தவளை. 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோவில் வாழ்ந்த மருத்துவர் ராபர்ட் விட், தலை நீக்கப்பட்ட தவளையின் காலைக் கிள்ளினால் கால் விலகுவதையும், தண்டுவடத்தை அழித்துவிட்டால் அவ்வசைவு நின்றுபோவதையும் எடுத்துக்காட்டினார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பிறகு, 1875இல், ஜெர்மனியில் வெஸ்ட்ஃபால், எர்ப் என்னும் இரு மருத்துவர்கள் தனித்தனியே முழங்கால் துள்ளலை ஒரே இதழில் விவரித்தனர். எர்ப் இதை அனிச்சைச் செயல் என்றார். வெஸ்ட்ஃபால் இது அனிச்சையே அன்று, நாணைத் தட்டும்போது தசை தானாகவே துள்ளுகிறது என்று கருதினார். அவர் அவ்வாறு எண்ணியதற்கு நியாயம் இருந்தது: நரம்பு வழியே போய்த் திரும்பும் செயலுக்கு அது மிக விரைவாகத் தோன்றியது. தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்ச்சி நரம்பு வேர்களை அறுத்தால் துள்ளல் மறைகிறது என்பது பின்னர் உறுதியானபோது எர்ப் சொன்னதே நிலைத்தது. வழியில் ஒரே ஒரு சினாப்ஸ்தான் இருக்கிறது என்பதைக் காலத்தை நுட்பமாக அளந்து டேவிட் லாய்ட் 1943இல் காட்டினார். சினாப்ஸ் என்ற சொல்லையே 1897இல் வழங்கிய ஷெரிங்டன், அனிச்சைகளை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். 1932இல் ஏட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தனித்து நிற்கும் அனிச்சை என்பது ஆய்வுக்காக நாம் பிரித்துப் பார்ப்பதே தவிர, முழு உடலில் எந்த அனிச்சையும் தனித்து இயங்குவதில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. உங்கள் மாணவி ஓர் ஊசியை வைத்துக்கொண்டு அதே இடத்துக்கு வந்திருக்கிறாள்.


முதுநிலை மாணவர்:

ஒரு சிறு சேர்க்கை. பேராசிரியர் ஐயா, மூளை நிகழ்வுக்கு முன்னால்தான் தன் பங்கைச் செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வலி விலகலைப் பொறுத்தவரை அதை ஏற்கிறேன். ஆனால் தசை திடீரென்று நீட்டப்படும்போது நிகழ்வதைப் பார்த்தால், நிகழ்வின் நடுவிலும் மூளைக்கு இடம் இருக்கிறது. கையை மடக்கிப் பிடித்திருப்பவரின் முன்கையைச் சட்டென்று இழுத்தால், மேற்கைத் தசையில் இரண்டு அலைகள் தோன்றுகின்றன. முதலாவது 20 முதல் 50 மில்லி விநாடிக்குள் வருவது, தண்டுவடத்தின் விடை. இரண்டாவது 50 முதல் 100 மில்லி விநாடிக்குள் வருவது. பெருமூளைப் புறணி வரை சென்று திரும்பும் செய்தி இதில் பெரும்பங்கு வகிக்கிறது. விருப்பப்படி செய்யும் அசைவு இதற்கும் பிறகுதான் தொடங்குகிறது.

1956இல் ஹம்மண்ட் என்னும் ஆய்வாளர், "இழுத்தால் எதிர்த்து நில்லுங்கள்" என்று முன்கூட்டியே சொன்னபோதும், "இழுத்தால் விட்டுவிடுங்கள்" என்று சொன்னபோதும் இந்த அலைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். முதல் அலை பெரிதாக மாறவில்லை. இரண்டாம் அலையோ, விட்டுவிடச் சொன்னபோது மிகவும் குறைந்தது. யோசித்துச் செய்வதற்கு நேரம் போதாத இடைவெளியில், சொல்லப்பட்ட வாக்கியம் ஒன்று தசையின் விடையை மாற்றியிருக்கிறது. அனிச்சை என்றும் விருப்பச்செயல் என்றும் நாம் போடும் கோடு எந்த இடத்தில் விழ வேண்டும் என்பது இன்றும் எளிதான கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை.


உயிரியல் ஆசிரியை:

நான் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கிடைத்திருக்கிறது. நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. இயன்முறை மருத்துவர் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை. இவ்வளவு நாளும் ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டுமே நான் நடத்திவந்த பாடம் இது.

இன்று வகுப்பில் முழங்கால் அனிச்சையைச் செய்துகாட்டினேன். அதில் இரண்டு ஐயங்கள் எழுந்துள்ளன. மாணவர்களில் இருவருக்கு எத்தனை முறை தட்டியும் கால் அசையவில்லை. அவர்கள் முகம் வாடிவிட்டது. இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா? மேலும், பந்து வரும் கணத்தில் பாய்ந்து பிடிக்கும் ஆட்டக்காரருக்கு "நல்ல ரிஃப்ளெக்ஸ்" என்று சொல்கிறோமே, அதுவும் அனிச்சைச் செயல்தானா என்று ஒரு மாணவன் கேட்டான்.


உடலியங்கியல் பேராசிரியர்:

முதுநிலை மாணவர் சொன்ன திருத்தத்தை முழு மனத்தோடு ஏற்கிறேன். நான் அதைச் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும்.

பந்தைப் பிடிப்பது அனிச்சைச் செயல் அன்று. பந்தைக் கண்டு, அது வரும் திசையைக் கணித்து, கையை அனுப்புவது பெருமூளையும் சிறுமூளையும் சேர்ந்து செய்யும் வேலை. கண்ணால் கண்ட ஒன்றுக்கு விருப்பப்படி விடையளிக்க 200 மில்லி விநாடி அளவாவது ஆகும். ஓசைக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி ஓசைக்குப் பின் 0.1 விநாடிக்குள் ஒருவர் கிளம்பிவிட்டால் அதைத் தவறான தொடக்கமாகக் கொள்வதும், அவ்வளவு விரைவில் ஓசையைக் கேட்டுப் புறப்பட முடியாது என்ற கருத்தில்தான். பயிற்சியால் ஆட்டக்காரர் பெறுவது பெரும்பாலும் முன்கூட்டியே கணிக்கும் திறன். எதிராளியின் தோள் அசைவிலேயே பந்தின் திசையை அவர் படித்துவிடுகிறார். முழங்கால் துள்ளலுக்கு அப்படிக் கணிப்பு எதுவும் தேவையில்லை. அங்கே காலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நரம்பின் நீளம்தான். உயரமானவர்களுக்குச் சில மில்லி விநாடி கூடுதலாகும்.

கால் அசையாத இரு மாணவர்களைப் பற்றி: வேறு எந்தக் குறையும் இல்லாமல், இரண்டு கால்களிலும் ஒரேபோல் அனிச்சை மங்கலாக இருப்பது நலமாக உள்ளவர்களிடமும் காணப்படுவதே. நாங்கள் கவனிப்பது இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாட்டையும், முன்பிருந்து பின்னர் மறைந்துபோனதையும், அதனுடன் சேர்ந்து வரும் பலவீனத்தையும் மரத்துப்போதலையும்தான். மேலும், வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது காலைத் தளர்வாக விடுவது எளிதன்று. அசையக் கூடாதே என்றோ அசைய வேண்டுமே என்றோ மாணவர் தசையை இறுக்கி வைத்திருந்தால் அனிச்சை மறைந்துவிடும். மூளையின் பங்கு அங்கேயும் இருக்கிறது.

அவர்கள் இருவரிடமும் மறுபடி ஒருமுறை செய்துபாருங்கள். மேசையின் ஓரத்தில் உட்காரவைத்து, பாதம் தரையைத் தொடாமல் கால்களைத் தொங்கவிடச் சொல்லுங்கள். இரு கைகளின் விரல்களையும் கொக்கிபோல் கோத்துக்கொண்டு, நீங்கள் தட்டும் கணத்தில் வலுவாக எதிரெதிராக இழுக்கச் சொல்லுங்கள். ஹங்கேரிய மருத்துவர் யென்ட்ராசிக் 1885இல் விவரித்த உத்தி இது. இன்றும் மருத்துவமனைகளில் நாள்தோறும் பயன்படுகிறது. கையில் செலுத்தும் முயற்சி, காலுக்கான இயக்க நரம்பு செல்களை மேலும் எளிதாகத் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவருகிறது; கவனம் காலிலிருந்து விலகுவதும் உதவுகிறது. முழங்காற்சில்லின் கீழ் விளிம்புக்கும் கணைக்கால் எலும்பின் மேட்டுக்கும் இடையே மெத்தென்று இருக்கும் இடத்தில் தட்டுங்கள். சில்லின் மீது தட்டினால் வலிக்கும், அசைவும் வராது. தட்டும்போது இன்னொரு மாணவரின் உள்ளங்கை தொடையின் முன்புறத்தில் இருக்கட்டும். பாதம் அசையாதவர்களிடமும் தசை ஒரு கணம் இறுகித் தளர்வதை அந்தக் கை உணர்ந்துவிடும்.